வாளியில் படியும் வெள்ளை, தோளில் படிந்த வெள்ளை

சந்தாபுராவில் வீடு பார்த்துக் குடி வருகிறவர்களுக்கு முதல் மாதமே ஒரு விஷயம் பிடிபட்டுவிடும். புது வாளி வாங்கி வைத்தால் பத்து நாளில் உள்பக்கம் வெள்ளை பூத்துவிடும். குழாய் முனையில் வெள்ளை, கீசர் காயிலில் வெள்ளை, எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் வெள்ளை. காவிரித் தண்ணீரெல்லாம் நகரத்துக்குள் இருக்கிற புண்ணியவான்களுக்கு. ஓசூர் ரோட்டில் எலெக்ட்ரானிக் சிட்டியும் பொம்மசந்திராவும் தாண்டி ஆனேக்கல் தாலுகாவுக்குள் இருக்கிற நம்ம பக்கத்துக்குப் பெரும்பாலும் போர்வெல்லும் டேங்கரும்தான் கதி.

இங்கே நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் தண்ணீரில்தான் வந்து முடியும். முடி கொட்டுவதற்கு தண்ணீர், பருப்பு வேகாததற்கு தண்ணீர், மூட்டு வலிக்கும் தண்ணீர். முதல் இரண்டைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை (முதல் விஷயத்தில் இழப்பதற்கு என்னிடம் அதிகம் மிச்சமும் இல்லை :-)). மூன்றாவதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

போன வருஷம் என் மனைவிக்கு வலது தோள்பட்டையில் வலி வந்தது. பகலில் எப்படியோ சமாளித்துவிடுவார். ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் போச்சு. பெண்ணுக்குத் தலை பின்னிவிடக் கையைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், தோள் மூட்டுக்கு மேலே, எதுவும் இருக்கக் கூடாத இடத்தில், அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. ரிப்போர்ட்டில் 'கால்சிஃபிக் டெண்டினைடிஸ்' என்று போட்டிருந்தது. தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கிற நாணில் கால்சியம் படிந்திருக்கிறது என்று அர்த்தம்.

கோவில்பட்டிக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னதுதான் தாமதம்.

"எய்யா, நான் அங்க வந்திருந்தப்பவே சொன்னேம்லா. வாளியில படியுறது உடம்புல படியாதா? மொதல்ல அந்தப் பாலையும் கேப்பையையும் நிப்பாட்டச் சொல்லு."

மாடி வீட்டு அக்கா தஞ்சாவூர்க்காரர். அவர் தன் பங்குக்கு தயிர், முருங்கைக்கீரை, எள் மூன்றையும் தடைப் பட்டியலில் சேர்த்தார். ஒரு வாரத்துக்குள் எங்கள் வீட்டில் கால்சியம் என்ற பெயர் பட்ட எல்லாம் வெளியேறிவிட்டது. ஏழாவது படிக்கிற என் பெண்ணின் ராத்திரிப் பாலும் போயிற்று. "குழந்தைக்கும் படிஞ்சிட்டா?" என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது நேராகவே கேட்டேன்: "சார், இது தண்ணியாலயா?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னதன் சாரம் இது. குடிக்கிற கால்சியம் குழாய் போட்ட மாதிரி தோளுக்குப் போவதில்லை. குடல் வேண்டியதை மட்டும் எடுக்கும். ரத்தத்தில் அளவு கண்டிப்பாக வைத்திருக்கப்படும். மிச்சம் வெளியே போகும். தோளில் படிவது அந்த நாணுக்குள் நடந்த உள்ளூர் விவகாரம். முப்பதிலிருந்து அறுபது வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகமாக வரும். பெரும்பாலும் உடம்பே அதைக் கரைத்துவிடும். பாலை நிறுத்துவதால் அந்தப் புள்ளி கரையாது.

நான் பி.காம்., உடற்கூறு எல்லாம் நமக்கு எட்டாது. ஆனால் டாக்டர் சொல்லச் சொல்ல எனக்குக் கிளைக் கணக்குதான் ஞாபகம் வந்தது. அந்த பாஷையிலேயே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் புரிந்துவிடும்.

வளர்ந்த மனித உடம்பில் கிட்டத்தட்ட ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். அதுதான் கரன்சி செஸ்ட். ரத்தத்தில் ஓடுவது கவுண்டரில் இருக்கிற ரொக்கம். ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை. இதயத் துடிப்புக்கும் தசை சுருங்கி விரிவதற்கும் இந்த அளவு தவறக் கூடாது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பொதுவாக நான்கு இருக்கும் பாராதைராய்டு என்ற சின்னச் சுரப்பிகள்தான் கேஷ் ஆபீசர்கள். ரொக்கம் குறைந்தால் உடனே செஸ்ட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லும். ஆக, சாப்பாட்டில் கால்சியத்தை நிறுத்தினால் ரத்தத்தில் குறையாது, எலும்பில்தான் குறையும். தோளில் இருக்கிற அரிசி அப்படியே இருக்கும், எலும்பு மட்டும் இளைக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குக்கூட உணவில் உள்ள கால்சியத்தை வெட்ட வேண்டாம் என்றுதான் இப்போது சொல்கிறார்கள். குடலில் கால்சியம் குறைந்தால் ஆக்சலேட் கூடுதலாக உள்ளே போய்விடும் என்பது காரணம்.

அப்படியானால் தசையிலும் நாரிலும் கால்சியம் எப்போதுதான் படிகிறது? எனக்குப் புரிந்தவரை மூன்று வழி.

முதல் வழி, அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு சேதம் இருப்பது. ரத்தத்தில் கால்சியம் சரியாகவே இருக்கும். நலிந்த திசுவில் மட்டும் போய் உட்காரும். என் மனைவியின் தோள் கிட்டத்தட்ட இந்த வகை. முழங்கையில் பலமாக அடிபட்டவருக்கு எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிட்டால், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து கை மடங்காமல் போவது உண்டு. நம்ம ஊர்ப் பக்கம் 'சுளுக்கு எடுப்பது' ரொம்ப சகஜம் என்பதால் சொல்கிறேன். முழங்கை வீங்கியிருந்தால் நீவ விடாதீர்கள். நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், தசையில் கூடு கட்டிச் செத்த பிறகு அரிசி அரிசியாகக் கால்சியம் படிவதும் இதே வழிதான்.

இரண்டாவது வழி, ரொக்கக் கணக்கே குழம்புவது. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பாஸ்பேட் வெளியேறாமல் தேங்கும், அதோடு கால்சியம் சேர்ந்து ரத்தக் குழாயில், தோலடியில், மூட்டைச் சுற்றிப் படியும். பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தாலும் படியலாம். வைட்டமின் டி அளவு மீறினாலும் படியலாம். 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று, இத்தனை வாரம் என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். 'உடம்புக்கு நல்லதுதானே' என்று தினமும் ஒன்றாகப் பாலில் கலக்கிக் குடித்த ஒருவரை எனக்குத் தெரியும். அது சத்து பானம் கிடையாது, கணக்கு வைத்துச் சாப்பிட வேண்டிய மருந்து.

மூன்றாவது வழியைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அதற்கு நிஜமாகவே தண்ணீர்தான் காரணம். ஆனால் அந்தத் தண்ணீர் வாளியில் வெள்ளையாகப் படிந்து நமக்கு முன்னறிவிப்பு கொடுக்காது.

2007 முதல் 2010 வரை பென்னாகரம் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். தர்மபுரி மாவட்டம். சந்தாபுராவிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். பயிர்க்கடன் புதுப்பிக்க ஒரு விவசாயி வருவார். வயது ஐம்பத்தைந்துக்குள்தான். பக்கத்தில் நிற்பவர் கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப மாட்டார், உடம்போடு திரும்புவார். கைநாட்டு வைக்கக் கீழே குனிய முடியாது, பேடை அவர் உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தரையில் உட்கார்ந்து பல வருஷம் ஆயிற்று என்பார். எங்கள் கிளை மெசஞ்சர் உள்ளூர்க்காரர். அவர்தான் சொன்னார்: "சார், அது வயசுன்னு நெனைக்காதீங்க. அவரு ஊர் கெணத்துத் தண்ணி."

அதற்கப்புறம் கவனிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஸ்காலர்ஷிப் கணக்கு தொடங்க வருவார்கள். சில பேர் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்கள். முன்பற்களில் குறுக்கே சுண்ணாம்புக் கோடு, சிலருக்குப் பழுப்புக் கறை. பல் விளக்காததால் வந்ததில்லை. பல் உருவாகிற வயதில், அதாவது எட்டு வயதுக்குள், உடம்புக்குள் போன ஃப்ளோரைடின் கையெழுத்து அது.

அந்தப் பகுதியின் அடியில் இருப்பது கிரானைட் வகைக் கடும்பாறை. அதில் ஃப்ளோரின் கலந்த கனிமங்கள் இருக்கின்றன. போர்வெல் ஆழமாகப் போகப்போக, பாறை இடுக்கில் நெடுநாள் தேங்கிய தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு மேலே வரும். நிறமில்லை, மணமில்லை, குடிக்கிற அளவில் ருசியும் தெரியாது.

உடம்புக்குள் போன ஃப்ளோரைடு எலும்பைத் தேடிப் போகும். எலும்பின் கனிமத்தில் ஹைட்ராக்சில் இருக்கிற இடத்தை அது பிடித்துக்கொள்ளும். எலும்பு செல்களைத் தூண்டிவிடும். எலும்பு தடிக்கும், ஆனால் தரம் இருக்காது. பிறகு எலும்போடு நிற்காமல் முதுகெலும்பைக் கட்டுகிற நார்களில், தசை எலும்போடு சேருகிற இடங்களில், முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கிற சவ்வில் எல்லாம் கால்சியம் படிய ஆரம்பிக்கும். முன்கை எக்ஸ்ரேயில் அந்தச் சவ்வு வெள்ளையாகத் தெரிந்தால் டாக்டர்களுக்கு உடனே ஃப்ளோரோசிஸ் சந்தேகம் வரும். முதுகு மூங்கில் மாதிரி விறைக்கும். முற்றினால் தண்டுவடம் நெருக்கப்பட்டு கால் செயலிழக்கலாம். ஆரம்பத்தில் சாதாரண மூட்டுவலி மாதிரியே இருப்பதால், வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே பத்து வருஷம் ஓடிவிடும். நாரில் ஒருமுறை நன்றாகப் படிந்துவிட்டால் அதைக் கரைக்க மருந்து இல்லை.

இது புதுசாக வந்த வியாதி என்று நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் 1937லேயே கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். அப்போதைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில், முதுகு விறைத்துப் போனவர்களைப் பரிசோதித்து, ஷார்ட், மெக்ராபர்ட், பர்னார்ட், மன்னாடி நாயர் என்ற நால்வர் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். காரணம் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு என்று சொன்னார்கள். சென்னை பொது மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவுக்குப் பர்னார்ட் இன்ஸ்டிட்யூட் என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பர்னார்ட்தான் இவர். மத்திய அரசு ஃப்ளோரோசிஸ் தடுப்புக்கு என்று தேசியத் திட்டம் கொண்டுவந்தது 2008-09ல். முதல் கட்டத்தில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் நெல்லூரும் ஒன்று. கட்டுரைக்கும் திட்டத்துக்கும் நடுவே எழுபது வருஷம். எங்கள் பாஷையில் சொன்னால், ஆடிட் அப்ஜெக்ஷனுக்கு எழுபது வருஷம் கழித்து ரிப்ளை.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது வேறு ஒன்று. 1973ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த கிருஷ்ணமாச்சாரி, கிருஷ்ணசாமி இருவரும் நல்கொண்டா பக்கத்தில் இளவயதினருக்கு முட்டி இரண்டும் இடித்துக்கொண்டு கால் வளைவதைப் பற்றி எழுதினார்கள். தண்ணீரில் ஃப்ளோரைடு, கூடவே சாப்பாட்டில் கால்சியம் குறைவு. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பிள்ளைகளின் கால் அதிகம் கோணியது. சாப்பாட்டில் போதுமான கால்சியம் இருந்தால், அது குடலிலேயே ஃப்ளோரைடில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து வெளியேற்றிவிடும். இல்லாதவன் உடம்பில் அது தாராளமாக உள்ளே நுழையும்.

யோசித்துப் பாருங்கள். நாரில் கால்சியம் படிகிற வியாதி, அதில் நோயாளியைக் கொஞ்சமாவது காப்பது சாப்பாட்டுக் கால்சியம்! 'படியுது, பாலை நிறுத்து' என்ற நம் வீட்டுத் தீர்ப்பு, ஃப்ளோரைடு உள்ள ஊரில் குழந்தைக்குச் செய்கிற கெடுதலாகவே ஆகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பொதுவாகத் தண்ணீரில் கால்சியம் அதிகம் இருந்தால் ஃப்ளோரைடு அதிகம் கரைந்து நிற்காது, இரண்டும் சேர்ந்து பாறையிலேயே படிந்துவிடும். சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் ஃப்ளோரைடு ஏறும். ஆகவே வாளியில் வெள்ளை படிவதை வைத்துத் தண்ணீரைக் கெட்டது என்றும், படியாததை வைத்து நல்லது என்றும் முடிவு செய்யவே முடியாது. நாம் பயப்படுகிற வெள்ளை கீசருக்குத்தான் எதிரி. பயப்பட வேண்டியது கண்ணுக்கே தெரியாது.

நான் பென்னாகரம் பக்கம் இருந்த காலத்தில்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சூடுபிடித்தது. 2008 பிப்ரவரியில் அடிக்கல். ஜப்பான் கடனுதவி. மதிப்பு 1,928.80 கோடி ரூபாய். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கமும் சேர்ந்திருந்தது. அந்த வருஷம் இரண்டு பக்கமும் எவ்வளவு கொந்தளிப்பு என்பது பெங்களூருவில் இருந்த தமிழர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரசியலுக்குள் போகவில்லை. இப்போது நான் சோறு சாப்பிடுவது கர்நாடகத்தில், என் அண்டை வீட்டுக்காரர்கள் தங்கமானவர்கள். கோலாரும் பாவகடாவும் இதே ஃப்ளோரைடில் அவதிப்படுகிற கர்நாடக ஊர்கள்தான் என்பதையும் இங்கே வந்த பிறகு தெரிந்துகொண்டேன். வங்கி கவுண்டருக்கு முன்னால் உடம்போடு திரும்பிய அந்த மனிதருக்கு மாநிலம் ஏது? திட்டம் 2013 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அவர் கழுத்து அதற்காகத் திரும்பியிருக்காது. அவர் பேரப்பிள்ளைகள் வாயை மூடாமல் சிரிக்கிறார்கள் என்றால் அதுவே போதும்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். டாக்டர் பேச்சைக் கேட்டதும் என் பெண்ணுக்குப் பால் திரும்ப வந்தது (அவளுக்குத்தான் ரொம்ப வருத்தம்). ராகி முத்தே ஞாயிற்றுக்கிழமை மெனுவுக்குத் திரும்பியது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 1,000 மில்லிகிராம் என்று அம்மாவுக்கும் போனில் கணக்குச் சொன்னேன். "நீ படிச்சவன், சொன்னாச் சரிதான்" என்றார். நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. மனைவிக்கு பிசியோதெரபி, சில வாரம் ஐஸ் ஒத்தடம். ஐந்தாறு மாதத்தில் கை முழுசாக மேலே போனது. அடுத்த எக்ஸ்ரேயில் அந்த அரிசி மங்கிப் போயிருந்தது. தண்ணீர் மாறவில்லை, அதே போர்வெல்தான்.

அந்தத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கடினத்தன்மை எதிர்பார்த்தபடியே அதிகம். ஃப்ளோரைடு வரம்புக்குள் இருந்தது. நிம்மதிதான், ஆனால் எங்கள் போர்வெல் அளவுக்குத்தான் அந்த நிம்மதி. அடுத்த தெருவில் இன்னும் ஆழமாகத் தோண்டிய போர்வெல்லுக்கும், எங்கிருந்தோ வருகிற டேங்கருக்கும் இது செல்லாது. எனவே போர்வெல்லை நம்பி வாழ்கிற எல்லோருக்கும் நான் சொல்வது:

* டி.டி.எஸ். மீட்டரை வைத்து ஃப்ளோரைடைக் கண்டுபிடிக்க முடியாது. 'ஃப்ளோரைடு பார்க்கணும்' என்று தனியாகக் கேளுங்கள். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லாதபோது 1.5 வரை.

* மாதிரியைக் கண்ணாடி பாட்டிலில் எடுக்காதீர்கள், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள். தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடங்களில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். ஊரில் அப்பா அம்மா குடிக்கிற தண்ணீரையும் ஒருமுறை பாருங்கள்.

* கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டரும் யூ.வி.யும் இதற்கு உதவாது. ஆர்.ஓ. பெரும்பகுதியை எடுத்துவிடும், கூடவே கால்சியத்தையும் எடுக்கும். அதனால் ஆர்.ஓ. வைத்திருக்கிற வீட்டில் பால், தயிர், கேழ்வரகு, கீரை கண்டிப்பாக இருக்கட்டும். குளிக்கவும் துணி துவைக்கவும் பயப்பட வேண்டாம், சமைக்கவும் குடிக்கவும்தான் கவனம்.

* எக்ஸ்ரேயில் 'கால்சிஃபிகேஷன்' என்று வந்தால் பயந்து சாப்பாட்டை வெட்டாதீர்கள். எந்த வழியில் வந்தது என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு மூட்டில் மட்டுமா, பல இடத்திலா? சிறுநீரகம் சரியா? ரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட் எவ்வளவு? எந்த ஊர்த் தண்ணீர் எத்தனை வருஷம் குடித்தீர்கள்? கடைசிக் கேள்வியை அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். நம்மைப் போல ஊர் ஊராகப் போகிறவர்களின் எலும்புக்குப் பழைய ஊர் நன்றாக ஞாபகம் இருக்கும்.

வீட்டுக் கடனுக்காக என் முன்னால் வந்து உட்காருகிற தம்பிகள் எல்லாம் முப்பது வருஷ வில்லங்கச் சான்றிதழ் கொண்டுவருகிறார்கள். தாய்ப் பத்திரம், பிளான் அப்ரூவல், வரி ரசீது எல்லாம் பக்காவாக இருக்கும். இந்த பில்டிங் போர்வெல்லுக்குத் தண்ணீர் ரிப்போர்ட் இருக்கா என்று கேட்டால் விழிப்பார்கள். வங்கி அதைக் கேட்காது. ஆனால் கடன் அடைகிற இருபது வருஷமும் குடும்பத்தோடு அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கப் போகிறார்கள்? அதனால் இப்போதெல்லாம் நான் கேட்டுவிடுகிறேன். ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பக்க ரிப்போர்ட். அதையும் அந்த ஃபைலில் சேர்த்து வையுங்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வட்டி கணக்குப் போடுகிறவன். வலி இருந்தால் இந்தப் பதிவை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.